ஜப்பான் போவோருக்குச் சம்பளச் சிட்டை வாசிக்கவும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து ஜப்பான் வேலைக்குப் போக ஆயத்தமாகும் பிள்ளைகள் மொழிப் பரீட்சைக்கு மாதக்கணக்கில் படிக்கிறார்கள். அங்கே மாதாமாதம் கைக்கு வரும் சம்பளச் சிட்டையை வாசிக்கப் பெரும்பாலும் எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

2 இலட்சம் யென் சம்பளம் என்றால், வீட்டார் அதை ரூபாயாக்கி, நகை அடகுக்கு இவ்வளவு, வட்டிக்கடனுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பிரித்துவிடுகிறார்கள். அவ்வளவும் கைக்கு வராது. 'கோசெய் நென்கின்' என்ற ஓய்வூதியத்துக்கு 9.15 வீதம், அதாவது 18,300 யென் போகும். சுகாதாரக் காப்புறுதிக்கு ஏறத்தாழ 10,000. வருமான வரியும் வேலையிழப்புக் காப்புறுதியும் இன்னும் சில ஆயிரம். கம்பனி விடுதியில் தங்கினால் வாடகையும் மின்சாரமும் அதிலேயே கழிபடலாம். சுகாதாரக் காப்புறுதியை வீண் கழிவென்று எண்ண வேண்டாம். அது இருப்பதால்தான் வைத்தியச் செலவில் 30 வீதத்தை மட்டும் கட்டுகிறோம்.

பெரிய சிக்கல் இரண்டாவது வருடத்தில் வருகிறது. 'ஜூமின்செய்' என்ற வசிப்பிட வரி முந்தின வருட வருமானத்துக்கு, விலக்குகள் போக மிகுதியில் 10 வீதமாக, ஜூன் மாதத்திலிருந்து அறவிடப்படும். ஆகவே போன புதிதில் அது சிட்டையில் இராது. ஒரு முழு வருடம் உழைத்தபின், மேற்சொன்ன சம்பளத்தில் மாதம் ஏறத்தாழ 7,000 யென் குறையும். பிள்ளை காசை மறைக்கிறான் என்று வீட்டில் சந்தேகம் கிளம்புவது இந்த நேரத்தில்தான். அது பிள்ளையின் பிழையல்ல. ஜனவரி 1ஆம் திகதி ஜப்பானில் முகவரி இருந்தவர், பிறகு ஊர் திரும்பினாலும் அந்த வரியைக் கட்டியாக வேண்டும்.

இதைக் குறைக்கச் சட்டப்படியே வழியுண்டு. தமக்கெனப் பெரிய வருமானம் இல்லாத தாய் தகப்பனைத் தங்கிவாழ்வோராகக் காட்டினால், வசிப்பிட வரியில் மட்டும் ஒருவருக்கு வருடம் 33,000 யென் அளவில் குறையும். ஆனால் 2023 முதல், 30 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்டவர் என்றால், பொதுவாக அந்த வருடத்துக்குள் குறைந்தது 380,000 யென் அவர் பெயருக்கே அனுப்பியிருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் பிழைவிடுவது இங்கேதான். முழுக் காசையும் அப்பாவின் கணக்குக்குப் போட்டால் அப்பா மட்டுமே எடுபடுவார். அம்மாவுக்கு வேறாகக் கணக்குத் திறந்து, வேறாக அனுப்ப வேண்டும். உண்டியலில் போட்ட காசுக்கும், ஊருக்கு வருபவர் கையில் கொடுத்துவிட்ட காசுக்கும் ஏற்கத்தக்க பற்றுச்சீட்டு இல்லை. உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழும் அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பும் தேவை. வருடக் கடைசியில் கம்பனி படிவம் தரும்போது இவற்றைக் கொடுக்கத் தவறினாலும், 5 வருடத்துக்குள் வரி அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கூடுதலாகக் கட்டியதை மீளப் பெறலாம்.

ஓய்வூதியக் காசிலும் ஒரு பகுதி திரும்பும். குறைந்தது 6 மாதம் கட்டியிருந்து, நகரசபையில் வெளியேறும் பதிவைச் செய்துவிட்டு வந்து, 2 வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதில் 20.42 வீதம் வரியாகப் பிடிப்பார்கள். அந்தத் தொகையை மீட்க ஜப்பானில் ஒரு வரிப் பிரதிநிதி தேவை. புறப்படும் முன்னரே ஒருவரை வரி அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருவது நல்லது.

மொழி வகுப்பு நடத்துவோர் ஒரே ஒரு நாளை இதற்கு ஒதுக்கி, மாதிரிச் சிட்டை ஒன்றைப் பலகையில் எழுதி விளக்கினால் போதும். பெற்றோரையும் அன்று கூப்பிடுங்கள். 'தொகுதெய் கினோ' என்ற, குறித்த தொழில் திறன் உள்ளவர்களுக்கான வேலை விசாவுக்குரிய ஒப்பந்தத்தின் சம்பள இணைப்பில் ஒவ்வொரு கழிவும், அவை போகக் கைக்கு வரும் அண்ணளவான தொகையும் எழுதப்பட்டிருக்கும். கையெழுத்து வைக்கும் முன் முகவரிடம் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தொகையில் இன்னும் 7,000 யென்னைக் கழித்துவிட்டு, மிஞ்சுவதை வைத்தே கடன் தவணையைப் பேசுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.