மொம்பாசா மனை பற்றி

நைரோபி

அன்புள்ள முருகேசா,

மகளுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப மகிழ்ச்சி. தேதி முடிவானதும் எழுது, விடுப்பு சொல்லிவைக்கிறேன்.

சரி, மொம்பாசா கடற்கரையில் மனை வாங்கலாமா என்று கேட்டிருந்தாயே. பேரன் பேத்தி காலம்வரை நம்முடையது என்று சொல்லிக்கொள்ளும் நிலம், கென்யாவில் வெளிநாட்டவருக்குக் கிடையாது. 2010 அரசமைப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவுப்படி அதிகபட்சம் 99 ஆண்டுக் குத்தகைதான். பழைய 999 ஆண்டுக் குத்தகைப் பத்திரம் இருந்தாலும் நம் கைக்கு வந்தால் 99தான். கம்பெனி பெயரில் வாங்கலாம் என்று தரகர் ஆசை காட்டுவார். பங்கு மொத்தமும் கென்யக் குடிமக்களிடம் இருந்தால்தான் அது உள்நாட்டுக் கம்பெனி. அப்புறம் உனக்கு அதில் என்ன மிச்சம்? விவசாய நிலத்தை நினைக்கவே நினைக்காதே. அதற்கு அதிபரே விலக்கு தர வேண்டும்.

ஆகவே விலையைப் பேசும் முன், குத்தகையில் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி என்று கேள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை தாய்ப்பத்திரம். மொம்பாசாவின் கடலோர மனை ஒன்று 1989இல் அப்போதைய அதிபர் மோய்க்கு ஒதுக்கப்பட்டு, பிறகு கைமாறி ஒரு நிறுவனத்திடம் வந்தது. மாவட்ட அரசு மதிலை இடித்து, இது பொதுமக்கள் கடலுக்குப் போகும் திறந்தவெளி என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: முதல் ஒதுக்கீடே முறைப்படி நடக்கவில்லை, அதனால் பின்னால் காசு கொடுத்து வாங்கியவருக்கும் உரிமை இல்லை. கையில் பத்திரம் இருந்தும் மனை போயிற்று. கடலை ஒட்டிய இடம் என்றாலே இப்போது எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

செலவும் உண்டு. நகரத்து மனைக்கு முத்திரைத் தீர்வை 4 சதவீதம். கென்ய வருமான வரி அலுவலகம் தரும் வரி அடையாள எண் (PIN) எடுக்காமல் பதிவே நடக்காது. முன்பணமாக வழக்கமாகக் கேட்கும் 10 சதவீதத்தை வக்கீல் கணக்கில்தான் போட வேண்டும், விற்பவர் கையில் கொடுக்காதே. ஊரிலிருந்து ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, அதில் சிக்கல் இல்லை.

என்னைக் கேட்டால், ஆசைக்கு ஒரு மாதம் மொம்பாசாவின் கடலோரப் பகுதியான நியாலியில் வீடு வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பார். அப்போதும் வேண்டும் என்றால் அடுக்ககத்தில் ஒரு வீடு போதும், மனை வேண்டாம். தரகர் தந்த எல்.ஆர். எண்ணை, அதாவது மனையின் நிலப் பதிவு எண்ணை, அனுப்பு. இங்கே தெரிந்த வக்கீலிடம் சொல்லிப் பதிவகத்தில் தேடச் சொல்கிறேன். அதுவரை ஒரு ரூபாய்கூட அனுப்பாதே.

அன்புடன்,
சேகர்