அட்டை முதலில் காலில் ஏறட்டும்: மலையகச் சிறுகதைப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கு வணக்கம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் இடப்பெயர்வையும் வறுமையையும் பேசும் மலையகக் கதைகளைப் படித்துத் திருத்துகிறவர்கள் நாங்கள். ஒரு விலங்கு குறியீடாக வந்துவிட்டது என்பதற்காகக் கதைக்குப் புள்ளி போடாதீர்கள். அதன் இயல்பு கதையின் பாரத்தைத் தாங்குகிறதா என்று பாருங்கள்.

அட்டையையே எடுத்துக்கொள்வோம். 'இரத்தம் குடிக்கும் முதலாளி' என்று பலரும் எழுதிவிட்டார்கள். ஆனால் அட்டை வயிறு நிறைந்ததும் தானாக விழுந்துவிடும். சுரண்டலுக்கு வயிறு நிறைவதில்லை, ஆகவே உவமை அங்கேயே முறிகிறது. அதே அட்டையிடம் இன்னொன்று இருக்கிறது. கடிக்கும்போது வலி தெரியாது. அது விழுந்த பிறகும் கடிவாயில் இரத்தம் உறையாமல் ஒழுகும். 1921 இல் ஒழிக்கப்பட்ட துண்டு (கடன் சீட்டு) முறையில், தோட்டம் மாறிப் போனாலும், ஆள் திரட்டி வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடன் தொழிலாளியின் பின்னாலேயே போனது. அந்தக் கடனை எழுத இதைவிடப் பொருத்தமான உயிர் ஏது? ஆனால் அதற்கு முன், கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் பெண் அட்டை ஏறாதிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்ப்பதைக் கதை காட்டியிருக்க வேண்டும். அட்டை முதலில் அட்டையாக வரட்டும், குறியீடு பின்னால் வரும்.

பறவையில்தான் பெரிய தவறு நடக்கிறது. ஆறுமணிக்குருவி இந்தியாவிலிருந்து ஒக்டோபர் வாக்கில் வரும், ஏப்ரல் வாக்கில் திரும்பும். நுவரெலியா விக்டோரியா பூங்காவிலேயே பார்க்கலாம். 1964 இல் இலங்கையோடு செய்த ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்க இசைந்தது இந்திய வம்சாவளியினர் 525,000 பேரை. அவர்களைக் 'கூடு திரும்பிய பறவைகள்' என்று எழுதுவது அநியாயம். குருவி தான் அறிந்த இடத்துக்குப் போகிறது, அடுத்த ஆண்டு திரும்பி வருகிறது. அவர்களை ஏற்றிப்போன ரயிலான ஒப்பாரிக் கோச்சியில் ஏறியவர்களில் எத்தனையோ பேர் இங்கேயே பிறந்தவர்கள். பறவை அங்கே உவமையாகாது, முரணாக நிற்கட்டும்.

வளைகுடாவுக்குப் போன தாயைப் பற்றிய கதைக்குப் பசு போதும். பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். வீட்டுப் பணிப்பெண் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. அவள் திரும்புமுன் பசு இருமுறைகூட ஈன்றுவிடலாம். நாட்காட்டி இல்லாமலே காலம் தெரியும். முகவருக்குப் பணம் கட்ட அந்தப் பசுவையே விற்றிருந்தால், காலியான கொட்டிலும் பால் இல்லாத தேநீரும் மீதியைச் சொல்லிவிடும்.

ஐந்து பக்கக் கதைக்கு ஒரு விலங்குக்கு மேல் வேண்டாம். இரண்டு வந்தால் ஒன்றின் பொருளை மற்றது தின்றுவிடும். சிறுத்தை முதற்பக்கத்தில் தோட்டத்தை நடத்தும் துரையாகவும் கடைசிப் பக்கத்தில் சுருக்குக் கம்பியில் மாட்டிய தொழிலாளியாகவும் வந்தால், அந்த மாற்றம் எங்கே நடந்தது என்று தேடுங்கள். பல கதைகளில் அது எங்கும் நடந்திருக்காது.

கடைசிப் பத்தியில் குறியீட்டுக்கு விளக்கம் எழுதியிருந்தால் அதைக் கையால் மறைத்துவிட்டு மறுபடி படியுங்கள். அப்போதும் விலங்கு பேசினால் கதையை ஒதுக்காதீர்கள். அந்தப் பத்தியை மட்டும் நீக்கும்படி எழுதியவருக்குச் சொல்லியனுப்புங்கள்.

அன்புடன்,
ஹற்றனிலிருந்து, கதை திருத்துவோர் சிலர்