நாலு மணிக்கு ஏறும் தண்ணீர்

ஹாலிஃபாக்ஸ், நோவா ஸ்கோஷியா, கனடா
ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, லூனன்பர்க் போய் வந்தேன், நன்றாக இருந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். "யார் கூடப் போனே, யார் தள்ளினாங்க?" என்று கேட்டாய். யாரும் தள்ளவில்லை என்றேன். அதற்கப்புறம் உன் பக்கம் சத்தமே இல்லை. கோபமா, பயமா என்று தெரியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன்.

இங்கிருந்து தென்மேற்கே நூறு கிலோமீட்டர் இருக்கும். கூட வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்தப் பக்கம் ஏதோ வேலை. காலையில் என்னை இறக்கிவிட்டு, சாயங்காலம் ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. இப்போது இருக்கும் வீல்சேரில், சக்கரத்தின் நடுவில் ஒரு பொத்தானை அமுக்கினால் சக்கரம் கையோடு கழன்று வந்துவிடும். முதுகை மடித்துப் பின்சீட்டில் போட்டுக்கொள்ளலாம். நீயும் அத்தானும் மூச்சு வாங்கத் தூக்கி ஏற்றுவீர்களே, அந்த இரும்பு நாற்காலி இல்லை.

ஊர் சின்னதுதான். 1753ல் பிரிட்டிஷ்காரர்கள் குடியேற்றிய ஊர். மேடு பள்ளம் எதையும் பார்க்காமல் தாளில் கட்டம் போட்டு, அந்தக் கட்டத்தைச் சரிவின் மேல் அப்படியே விரித்துவிட்டார்கள். அந்தப் பழைய அமைப்பு இன்னும் கலையாமல் இருப்பதால் 1995ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மரவீடுகள், ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். பார்க்க அழகு. ஆனால் கடலை ஒட்டிய தெரு மட்டும்தான் சமதளம். அதிலிருந்து மேலே போகும் தெருவெல்லாம் ஏணி.

ஏறாமல் விடுவேனா? கிங் தெருவில் ஏறினேன். மூன்று தள்ளு தள்ளி, சட்டென்று நாற்காலியைக் குறுக்கே திருப்பி நிறுத்த வேண்டும். நேராக நின்றால் பின்னாலேயே உருண்டுவிடும். மறுபடி திருப்பி மூன்று தள்ளு. இரண்டாவது குறுக்குத் தெரு வந்ததும், போதும், இந்த ஊரின் மேல்பாதி எனக்கில்லை என்று முடிவு செய்தேன். இறங்குவது இன்னும் மோசம். சக்கரத்தை ஒட்டிய கைவளையத்தை இறுக்கிப் பிடித்து வழுக்கவிட்டுத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். அரை விரல் கையுறை போட்டிருந்தும் உள்ளங்கை தோசைக்கல் மாதிரி சுட்டது.

கடைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாதிக் கடைகளின் வாசலில் ஒரு படியோ இரண்டு படியோ. ஒரு கடையில் வெளியே நின்றபடியே கேட்டேன், மரப்பலகை ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று. பழைய கட்டடம், எதையும் மாற்ற முடியாது என்று சிரித்தபடி சொன்னார்கள். அதே சுவரில் ஏசி மாட்டியிருக்கிறது, கேமரா மாட்டியிருக்கிறது. படி மட்டும் பாரம்பரியம்! தேவைப்படும்போது போட்டு எடுக்கிற பலகையால் எந்தப் பழமை கெட்டுப்போகும் என்று எனக்குப் புரியவில்லை. இந்த மாகாணத்தில் 2017லேயே இதற்குச் சட்டம் போட்டு, 2030க்குள் எல்லா இடமும் எல்லோரும் நுழையும்படி ஆக வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறார்கள். பார்க்கலாம். இரண்டு வாசல் தள்ளி இன்னொரு கடையில், நான் கேட்பதற்கு முன்பே பலகையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். எனக்கு ஒன்றும் வாங்க வேண்டியிருக்கவில்லை. அதற்காகவே உள்ளே போய் ஒரு தபால் அட்டை வாங்கினேன்.

தம்பிப் பயலுக்கு நான் அனுப்பிய பத்து சென்ட் நாணயம் பத்திரமாக இருக்கிறதா? அதில் உள்ள பாய்மரக் கப்பலை 1921ல் கட்டியது இந்த ஊரில்தான் என்று சொல். பெயர் புளூநோஸ். மீன்பிடிக் கப்பலாகவும் இருந்தது, பந்தயங்களிலும் ஜெயித்தது. 1937லிருந்து நாணயத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கரையோரம் கடலில் போனவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. கருங்கல் தூண்களைத் திசைகாட்டி வடிவத்தில் நட்டு, திரும்பி வராதவர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். 1926, 1927 இரண்டு வருடமும் ஆகஸ்ட் மாதம் சேபிள் தீவுப் பக்கம் புயலில் கப்பல் கப்பலாகப் போயிருக்கிறார்கள். நின்று பார்க்கிறவர்கள் கழுத்தை நிமிர்த்தி மேல் வரிசையைப் படித்துவிட்டு நகர்ந்தார்கள். எனக்குக் கண்ணுக்கு நேரே வந்தது கீழ் வரிசைகள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வந்தது. அப்பாவும் பிள்ளைகளுமோ, அண்ணன் தம்பிகளோ. அங்கே ரொம்ப நேரம் இருந்தேன். உட்கார்ந்தே புண் வராமல் இருக்க அரைமணிக்கொரு தரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ளச் சொல்லி நீ அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாயே, இப்போது அதற்குக் கைக்கடிகாரத்தில் அதிர்வு வைத்திருக்கிறேன். அது இரண்டு தரம் அதிர்ந்த பிறகுதான் நகர்ந்தேன்.

இனிமேல்தான் விஷயமே. துறையிலிருந்து படகுகளைக் கட்டிவைக்கும் மிதவை மேடைக்கு ஓர் இறங்குபாலம் உண்டு. மேல் முனை கரையில் கீல் போட்டிருக்கும், கீழ் முனை மேடையோடு சேர்ந்து ஏறி இறங்கும். நான் காலையில் போனபோது கடல் வற்றியிருந்தது. எட்டிப் பார்த்தால் பாலம் சறுக்குமரம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கீழே படகைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார். "தூக்கி இறக்கட்டுமா?" என்று கேட்கப்போகிறார் என்று நினைத்து, வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அவரோ, "நாலு மணிக்கு வாங்க, தண்ணி ஏறியிருக்கும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரையும் கெஞ்ச வேண்டாம், மனு போட வேண்டாம், நிலா பார்த்துக்கொள்ளும்! இங்கே கடல் ஏறினால் ஏறக்குறைய ஆளுயரம். இதே மாகாணத்தின் மறுபக்கம் ஃபண்டி விரிகுடாவில் பதினாறு மீட்டர் வரைகூட ஏறுமாம். அங்கே இப்படி ஒரு பாலம் இருந்தால் கிணற்றில் இறங்குகிற மாதிரிதான்.

நாலு மணிக்குப் போனேன். காலையில் பார்த்த பாலமா இது என்று இருந்தது. தண்ணீர் மேடையைத் தூக்கிக் கொடுத்துவிட்டதில், பாலம் கிட்டத்தட்ட படுத்தே இருந்தது. முன்சக்கரம் பலகை இடுக்கில் மாட்டாமல் இருக்க, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து பெரிய சக்கரத்திலேயே முதல் இடுக்கைத் தாண்டினேன். அப்புறம் மேடை. அக்கா, மேடை என் கனத்துக்கு லேசாக அமுங்கிக்கொடுத்தது. பிரேக்கைப் போட்டுக் குனிந்தால் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். விரலை விட்டேன், எலும்பு வரை குளிர்ந்தது. ஜூன் பாதி வந்தும் இங்கே கடலுக்கு இன்னும் கோடை வரவில்லை. பக்கத்துத் துறையில், மே 31உடன் பருவம் முடிந்து கரையேற்றிய சிங்கி இறால் பிடிக்கும் கூடுகளை என் தலைக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். உலர்ந்த கடற்பாசி நாற்றம். நன்றாகவே இருந்தது.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பன்னிரண்டு வருடம் நீ தள்ளினாய், நான் எங்கெல்லாமோ போனேன். ஆனால் நீ எப்போதும் வேகமாகத் தள்ளுவாய். ஜனங்கள் பார்க்கிறார்களே என்று உனக்குக் கூச்சம். எனக்கு அது தெரியும், சொன்னதில்லை. ஒரு இடத்தில் நிற்கலாமா என்று நான் கேட்பதற்குள் அந்த இடம் போயிருக்கும். அன்றைக்கு அந்தப் பெயர்களுக்கு முன்னால் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று நான்தான் முடிவு செய்தேன். அது புதுசாக இருந்தது. இரவு தோள் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலித்தபோது, உன் கை இருந்தால் தேவலை என்றும் தோன்றியது. இரண்டும் உண்மை.

தோழி ஆறு மணிக்கு வந்தாள். அதற்குள் நான் கரையேறிவிட்டேன். தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டால் பாலமும் இறங்கிவிடுமே.

அடுத்த கோடையில் நீ வருவதாகச் சொன்னது நிஜமாக இருந்தால், முதலில் கூட்டிப்போவது அங்கேதான். என் பக்கத்தில் நடந்து வா. கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள், அங்கே குளிர்காற்று அடிக்கும்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் அன்புத் தங்கை