4001, 8542, 1511: பாப்பாவுக்கு அம்மா எழுதுறது

பாப்பா,

நல்லா இருக்கியா மா. தீபாவளி முடிஞ்சு நீ பட்டர்வொர்த்துக்கு பஸ் ஏறின அன்னைக்கு ராத்திரிலேருந்து இத எழுதணும்னு நெனச்சிட்டே இருக்கேன், போன்ல சொன்னா நீ சரிம்மா சரிம்மான்னு சொல்லிட்டு வெச்சிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன். பிழை இருந்தா மனசுல வெச்சிக்காத.

அன்னைக்கு மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு படுத்துட்டாங்க, நீ மட்டும் பின்வாசப்படில லேப்டாப்ப மடியில வெச்சிக்கிட்டு அமெரிக்காவுக்கு போற ஒரு நாற்காலி கன்டெய்னருக்கு பேப்பர் பாத்துட்டு இருந்த. நான் கொண்டாந்த பாயாசம் ஆறி ஏடு கட்டிப் போச்சு. என்னம்மா இது தீபாவளியும் அதுவுமான்னு கேட்டதுக்கு அப்பதான் நீ வாயத் தொறந்த. ஆபீஸ்ல புது சிஸ்டம் வந்திருக்கு, இன்வாய்ஸ அதுவே படிச்சு பார்மெல்லாம் அதுவே ரொப்பிடுது, ஏழு பேரு செஞ்ச வேலைக்கு இனி மூணு பேரு போதும், என்னைய கஸ்டம்ஸ் கோர்ஸ் படிக்க சொல்றாங்க, எனக்கு பயமா இருக்கு, எல்லாத்தையும் விட்டுட்டு சிங்கப்பூர் போயிடலாம்னு பாக்குறேன்னு சொன்ன. எனக்கு அப்ப பதில் சொல்ல வரல. இப்ப சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படி.

நீ விட்டுட்டு போன அந்த கஸ்டம்ஸ் கோட் பேப்பர தம்பிய விட்டு படிக்க சொல்லி கேட்டேன். உலகத்துல எந்த நாட்டுக்கு போனாலும் சாமானுக்கு மொத ஆறு நம்பர் ஒண்ணுதான்னு நீ சொல்லியிருக்க இல்ல, அதுல என்ன தேடுனேன் தெரியுமா, நான் வேலை செஞ்ச சாமானத்தான். ரப்பர் பால் 4001ல இருக்கு. நான் கம்பி கட்டுன எலக்ட்ரானிக் சிப்பு 8542. அப்பா வெட்டுன செம்பனைலேருந்து வர்ற எண்ணெய், அதான் பாமாயில், 1511. நம்ம வீட்டு அறுபது வருஷ சோறு இந்த மூணு நம்பர்ல இருக்கு பாப்பா. ஒவ்வொண்ணா சொல்றேன்.

பாட்டி ரப்பர் மரம் வெட்டுனப்ப, அதான் பட்டைய சீவி பால் எடுத்தப்ப, நானும் கூட போவேன். விடியறதுக்கு முன்னாடி பேரு கூப்பிடுற பெரட்டு, தலையில வெளக்கு, கொசு. கத்தி பட்டையில போற சத்தம் இன்னும் காதுல கேக்குது. பட்டைய மெலிசா சீவணும், ஆழமா போச்சுன்னா மரத்துல காயம் விழும், மண்டோர், வேலைய மேய்க்கறவரு, வந்து அத கையால தடவி பாத்துட்டு திட்டுவாரு. நாலு அஞ்சு மணி நேரம் கழிச்சு மறுபடி அதே மரத்துக்கெல்லாம் வாளியோட போயி மரத்துல கட்டுன மங்கு கோப்பையில இருக்கற பால ஊத்தி எடுக்கணும். மழ பேஞ்சா அன்னைக்கு வேல இல்ல. இத்தனை பாடுபட்டும் பாட்டியோட கூலிய முடிவு பண்ணது பாட்டியோட கத்தி இல்ல, அந்த காலத்து யூனியன் ஒப்பந்தத்துல கூலி ரப்பர் வெலையோட கட்டியிருந்துச்சு, வெல எறங்குனா சம்பளமும் எறங்கும். ஏன் பாட்டி கம்மியாயிடுச்சுன்னு கேட்டா "வெல எறங்கிடுச்சாம்"னு மட்டும் சொல்லும். யாரு எறக்குனா, எங்க எறக்குனாங்க, பாட்டிக்கு சாகுற வரைக்கும் தெரியாது. ரப்பர் விதைய பிரேசில்லேருந்து 1876ல லண்டனுக்கு கொண்டு போயி, அடுத்த வருஷமே நம்ம பக்கத்து ஊரு கோலகங்சார்ல கன்னு நட்டாங்க. ஊருக்கே கடல் தாண்டி வந்த மரம், வெலையும் கடலுக்கு அந்தப் பக்கத்துலேருந்துதான் வந்துச்சு.

அப்புறம் 8542. எனக்கு பதினெட்டு வயசுல, 1982ல, தோட்டத்து வாசலுக்கே பேக்டரி பஸ் வந்துச்சு. ஈப்போ பக்கம் எலக்ட்ரானிக் பேக்டரி, வெள்ள கோட்டு, ஏர்கோன். மைக்ராஸ்கோப்புல கண்ண வெச்சா ஒரு நகத்தளவு சிப்பு ஊரு மாதிரி தெரியும், அதுலேருந்து பக்கத்துல இருக்கற காலுக்கு தங்கக் கம்பி இழுத்து ஒட்டணும், தலமுடிய விட மெலிசு. கை நடுங்கக் கூடாது, மூச்ச கூட பாத்து விடணும். ஒரு சிப்புக்கு பதினாலு கம்பி. நான் ரொம்ப வேகம், சூப்பர்வைசரே சொல்லுவாரு. ரப்பர் மரத்துல காயம் படாம வெட்டுன கைதான இது.

1985 நெனச்சா இப்பவும் வயித்த கலக்கும். மலேசியா நாடே மந்தம். சிப்புக்கு ஆர்டர் விழுந்துச்சு. அதே வருஷம் அக்டோபர் 24 லண்டன்ல ஈய வியாபாரமே நின்னுப் போச்சு, வெல சரிஞ்சு, ஈப்போவ சுத்தி கிந்தா பள்ளத்தாக்குல வரிசையா லம்பாங்க, அதான் ஈயச் சுரங்கத்த, மூடுனாங்க. எங்க பேக்டரில அதுக்குள்ள தானா கம்பி கட்டுற மெஷினும் வந்திருச்சு, ஒரு பொண்ணு நாலஞ்சு மெஷின பாத்துக்கலாம். எங்க லைன்ல பாதிப் பேருக்கு கடுதாசி குடுத்தாங்க, அதுல நானும் ஒருத்தி. ஆர்டர் கொறஞ்சதும் மெஷின் வந்ததும் ஒரே நேரத்துல நடந்துச்சு பாப்பா, உனக்கு இப்ப நடக்குதே அதே மாதிரி. எது என்னைய வெளிய தள்ளுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் என்னால பிரிச்சு சொல்ல முடியல.

ஆனா ஒண்ணு சொல்லணும். என் பக்கத்து சீட்டு அக்கா ஒருத்தங்க, என்ன விட மெதுவா கட்டுவாங்க. மெஷின் நின்னா டெக்னீஷியன் வரும்போதெல்லாம் எழுந்து போயி பின்னாடி நின்னு பாப்பாங்க, ஏன் நின்னுச்சு, இந்த ஸ்க்ரூ எதுக்குன்னு கேப்பாங்க, நாங்கெல்லாம் கிண்டல் பண்ணுவோம். அவங்கள அனுப்பல. புது மெஷினுக்கே அவங்கதான் ஆளு, பென்ஷன் வயசு வரைக்கும் அங்கயே இருந்தாங்க. எனக்கு என் கை மட்டும்தான் தெரிஞ்சிருந்துச்சு, அந்த சிப்பு எந்த சாமானுக்குள்ள போவுதுன்னு கூட நான் ஒரு நாளும் கேக்கல. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

நான் திரும்பி வந்தப்ப தோட்டத்துல ரப்பர சாய்ச்சிட்டு செம்பனை போட ஆரம்பிச்சுட்டாங்க. ரப்பருக்கு தெனமும் கை வேணும், செம்பனைக்கு பத்து நாளைக்கொருதரம் நீட்டு அருவாளோட வந்து கொலைய வெட்டுனா போதும், ஆளு கொஞ்சம் போதும். தோட்டத்து லயம் வீடெல்லாம் காலியாச்சு, நம்ம சனம் டவுன் பக்கத்து தாமான் வீடுகளுக்கு வந்துச்சு. அப்பாவுக்கு வெட்டு வேல கெடச்சதால நாம தப்பிச்சோம், அவர் தோள்பட்ட போனது வேற கத.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். 2025 ஏப்ரல் 2 டிரம்ப் அட்டைய தூக்கி காட்டி மலேசியா சாமானுக்கு 24 பர்சென்ட் வரின்னாரு, ஒரு வாரத்துல நிறுத்தி வெச்சு 10ன்னாங்க, ஜூலைல 25ன்னு கடுதாசி வந்துச்சு, ஆகஸ்ட்ல 19ல நின்னுச்சு. வரிய அங்க எறக்குறவன்தான் அவன் நாட்டு கஸ்டம்ஸ்ல கட்டணும், ஆனா கட்டுறவன் சும்மா இருப்பானா, பாதிய நீ வெலையில கொறன்னு இங்க கேப்பான், அந்த நாற்காலி முதலாளி உன்கிட்ட பொலம்புனாரே அதான். 2025 அக்டோபர் 26ஆம் தேதி டிரம்ப் கோலாலம்பூருக்கே வந்து நம்ம பிரதமரோட கையெழுத்து போட்டத டிவில பாத்தேன். அப்ப 19 அப்படியேன்னாங்க, 1,711 வகை சாமானுக்கு மட்டும் விலக்குன்னாங்க, செம்பனை எண்ணெய், கொக்கோ, ரப்பர் சாமானெல்லாம் அதுல வந்துச்சாம். அப்பா கைதட்டுனாரு. சிப்புக்கு அப்ப இந்த வரி இல்ல, ஆனா தனியா விசாரணை ஓடுச்சு, பினாங்குலயும் கூலிம்லயும் எத்தன வீட்டு அடுப்பு அத நம்பி எரியுது, அத நெனச்சா எனக்கு தூக்கம் வரல.

சிங்கப்பூருக்கு வரி 10தான்னு நீ அப்ப சொன்ன. சரி. ஆனா அங்கயும் இந்த சிஸ்டம் வராதா மா? அங்கயும் பார்ம் ரொப்புற வேலைக்குதான போவ.

நீயே எனக்கு வெளக்குனத திருப்பி சொல்றேன், தப்புன்னா திருத்து. 2025 மே 6லேருந்து அமெரிக்காவுக்கு போற சாமானுக்கு அந்த ஒரிஜின் சர்டிபிகேட்ட, அதான் சாமான் எந்த நாட்டுதுன்னு சொல்றத, நம்ம வர்த்தக அமைச்சு மித்தி மட்டும்தான் குடுக்குது, முன்ன மாதிரி வர்த்தக சங்கங்க குடுக்க முடியாது. சைனா சாமான இங்க எறக்கி ஸ்டிக்கர் மாத்தி அனுப்புறாங்கன்னு சந்தேகம். நாற்காலிக்கு மரம் இங்க, துணி சைனா, ஸ்க்ரூ எங்கயோ. இது மலேசியா நாற்காலியா இல்லையா? இங்க என்ன வேல செஞ்சாங்க, சாமான் நெசமாவே மாறிச்சா, அதுக்கு பில்லு இருக்கா, பேக்டரிக்கு போயி பாத்தாச்சா. கம்ப்யூட்டர் கட்டத்த ரொப்பும். தப்பாச்சுன்னா கையெழுத்து போட்டவங்களத்தான் கூப்பிட்டு கேப்பாங்க. அந்த கோர்ஸ்ல சொல்லித் தர்றது இதத்தான பாப்பா. இதுவும் ஒரு நாள் மெஷினுக்கு போகலாம், போகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், 85ல எனக்கும் அப்படி யாரும் பண்ணல. ஆனா சாமான் எங்கேருந்து வந்து எங்க போவுது, வழியில யாரு எதுக்கு காசு எடுக்குறாங்கன்னு முழுசா தெரிஞ்சவளா நீ இருக்கணும்னு எனக்கு ஆச. பாட்டிக்கு தெரியல, எனக்கும் தெரியல. நீ இப்பவே பாதி தெரிஞ்சவ.

பரீட்ச மலாய்ல இருக்கும்னு பயப்படுற, ஸ்கூல் முடிக்கற எஸ்பிஎம் பரீட்சையில மலாய்க்கு ஏ எடுத்த பொண்ணு நீ. பீஸ பத்தி யோசிக்காத. டிசம்பர்ல எனக்கு கூட்டு சீட்டு காசு விழுது, அத உனக்குன்னு எடுத்து வெச்சிட்டேன், அப்பாகிட்டயும் சொல்லிட்டேன், அவர் ஒண்ணும் சொல்லல, தலையாட்டுனாரு. புது கார் மட்டும் இந்த வருஷம் லோன்ல எடுக்காத, வேல நெலைக்கட்டும். இத மட்டும் கண்டிப்பா சொல்றேன்.

கோர்ஸ் எந்த தேதி ஆரம்பிக்குதுன்னு கேட்டு எனக்கு மெசேஜ் போடு. சனிக்கிழம சித்தப்பா லாரில உன் பக்கத்து ஊரு பிறைக்கு வர்றாரு, முறுக்கும் அதிரசமும் குடுத்து விடுறேன், போன தடவ கொண்டு போன ரெண்டு மைலோ டின்னையும் மறக்காம அவர்கிட்ட குடுத்தனுப்பு.

அம்மா
சுங்கை சிப்புட்