ஒரு கொள்கையும் ஒற்றை எதிர்வாக்கும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. தங்கையின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததா? அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. எங்கள் மூத்தவனுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் சேருகிறான்.

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தொடுத்த போர்களைப் பற்றி, அவர் இடத்தில் யார் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். பாதி தூரம் உன்னோடு வருகிறேன். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் அல்கொய்தா பயங்கரவாத அமைப்பு நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 3,000 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த அமைப்புக்கு இடம் கொடுத்த ஆப்கானிஸ்தானின் தாலிபான் ஆட்சியின் மீது அக்டோபர் 7 அன்று தொடங்கிய போரை எந்த அதிபரும் தவிர்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2000 தேர்தல் விவாதங்களில், அமெரிக்கா பணிவோடு நடந்துகொண்டால் உலகம் நம்மை வரவேற்கும், அயல்நாடுகளைக் கட்டியெழுப்புவது நம் படைகளின் வேலையல்ல என்று பேசியவர் இதே புஷ். அவரே 2002 ஜூன் 1 அன்று வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில், ஆபத்து முழுதாக உருவெடுக்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்றார். அந்தச் செப்டம்பரில் வெளிவந்த தேசியப் பாதுகாப்பு உத்தி அறிக்கை, அப்படி முந்திக்கொண்டு தாக்குவதை அரசின் கொள்கையாகவே ஆக்கிவிட்டது. சோவியத் ஒன்றியத்திடம் ஆயிரக்கணக்கில் அணு ஆயுதங்கள் இருந்த காலத்தில்கூட, எதிரியைக் கட்டுக்குள் வைத்து, பதிலடி பயத்தைக் காட்டித் தடுப்பதுதான் வாஷிங்டனின் வழியாக இருந்தது. பயங்கரவாதக் குழுக்களிடமும் பேரழிவு ஆயுதம் தேடும் சர்வாதிகாரிகளிடமும் அந்தப் பயம் பலிக்காது என்றது புதிய கொள்கை.

குழுக்களைப் பொறுத்தவரை அது சரிதான். சாகத் துணிந்து வருபவனை எதைக் காட்டி மிரட்டுவது? ஆனால் ஈராக் அதிபர் சதாம் உசேனுக்கு நாடு இருந்தது, அரண்மனைகள் இருந்தன, இழப்பதற்கு எல்லாமே இருந்தன. இரு சாராரையும் ஒரே தட்டில் வைத்ததுதான் இந்தக் கொள்கையின் அடிப்படைப் பிழை என்பேன். எல்லையில் படை குவித்துப் பாயத் தயாராக நிற்பவனை முந்திக்கொண்டு அடிப்பதைச் சர்வதேசச் சட்ட அறிஞர்கள் பலரும் ஏற்கிறார்கள். என்றாவது ஒருநாள் அடிக்கக்கூடும் என்ற சந்தேகத்தின் பேரில் போர் தொடுப்பது அப்படியல்ல. அங்கே உளவுத் தகவல் ஒன்றுதான் சாட்சி. 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமியின் ஆபத்தை விளக்க ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டியது உனக்கு நினைவிருக்கும். மார்ச்சில் அமெரிக்கப் படைகள் ஈராக்கில் நுழைந்தன. சல்லடை போட்டுத் தேடிய அமெரிக்கக் குழுவே, அங்கே பேரழிவு ஆயுதங்களின் கையிருப்பு இல்லை என்று 2004இல் அறிக்கை கொடுத்தது. எத்தனை உயிர்கள் போனபிறகு!

நீ தொடாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. தாக்குதல் நடந்த மூன்றாம் நாள், 2001 செப்டம்பர் 14 அன்று, ராணுவத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் சட்டத் தீர்மானம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதன் மையப் பகுதி ஆங்கிலத்தில் வெறும் 60 சொற்கள். அதில் எந்த நாட்டின் பெயரும் இல்லை, எந்த அமைப்பின் பெயரும் இல்லை, முடியும் தேதியும் இல்லை. செனட்டில் 98 பேரும் ஆதரித்தார்கள். பிரதிநிதிகள் அவையில் ஆதரவு 420, எதிர்ப்பு ஒன்றே ஒன்று. எதிர்த்து வாக்களித்த கலிபோர்னியா உறுப்பினர் பார்பரா லீ அழுகையை அடக்கிக்கொண்டு எழுந்து, கொஞ்சம் நிதானிப்போம் என்றார். நாம் வெறுக்கும் தீமையாக நாமே மாறிவிடக் கூடாது என்று ஒரு பாதிரியார் அன்று வேண்டிக்கொண்டதையும் எடுத்துச் சொன்னார். அதற்காக லீக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. கோபமும் துக்கமும் கொதித்த அந்த நாளில் அப்படிப் பேச எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஈராக் போரை எதிர்த்துப் பெயர் பெற்று, புஷ்ஷுக்கு அடுத்து அதிபரான ஒபாமாவே 2014இல் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் மீது குண்டு வீச அதே சட்டத்தைத்தான் ஆதாரமாகக் காட்டினார். புஷ் பதவியை விட்டுப் போன பிறகும் அவர் வகுத்த பாதை தொடர்ந்தது இப்படித்தான்.

லிபியாவை இந்தக் கொள்கையின் வெற்றிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறாய். ஈராக்கைப் பார்த்த லிபியத் தலைவர் கடாபி 2003 டிசம்பரில் தன் ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டார் என்கிறாய். அந்த முடிவுக்குப் பின்னால் பல ஆண்டுப் பொருளாதாரத் தடைகளும் ரகசியப் பேச்சுவார்த்தைகளும் இருந்தன. சரி, உன் வாதத்தையே ஏற்கிறேன். 2011இல் நேட்டோ விமானங்களின் துணையோடு அவர் வீழ்த்தப்பட்டார். புஷ் 'தீமையின் அச்சு' என்று பட்டியலிட்ட வடகொரியாவோ 2006இல் அணுகுண்டு வெடித்துச் சோதித்தது, அதன் மீது யாரும் படையெடுக்கவில்லை. வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கில் இருப்பவர்கள் இந்த மூன்று நாடுகளின் கதையையும் சேர்த்துப் பார்த்து என்ன முடிவுக்கு வருவார்கள்? இதற்கு உன் பதில் என்னவென்று விரிவாக எழுது. பொங்கலுக்கு ஊருக்கு வருவதாக இருந்தால் தேதியையும் சேர்த்து எழுது, மாடி அறையை ஒழித்து வைக்கிறேன்.

அன்புடன்,
ராகவன்