சார்புப் பட்டியலையும் சோதித்து வெளியிடுங்கள்: பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திறந்த மூல மென்பொருள் திட்டங்களைப் பராமரித்து, புதிய பதிப்புகளை வெளியிடும் பொறுப்பில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பலர் ஊதியமின்றிச் சொந்த நேரத்தில் இப்பணியைச் செய்கிறீர்கள் என்பதை அறிந்தே இக்கோரிக்கையை வைக்கிறேன். ஒரு பதிப்பை வெளியிடும்போது, நீங்கள் எழுதிய நிரலை மட்டுமல்லாமல், அத்துடன் அறிவிக்கும் சார்புப் பட்டியலையும், அதாவது அந்நிரல் இயங்கத் தேவையான பிற நூலகங்களும் (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்புகள்) அவற்றின் பதிப்பு வரம்புகளும் அடங்கிய பட்டியலையும், சோதித்த பிறகே வெளியிட வேண்டும்.

நிரலுக்கு ஒழுங்காகச் சோதனைகள் எழுதும் திட்டங்களில்கூட இந்தப் பட்டியல் கவனிப்பாரற்றுக் கிடப்பதுண்டு. ஒரு நூலகத்தின் 2.6 ஆம் பதிப்பில் அறிமுகமான செயற்கூற்றை நிரல் அழைக்கிறது, பட்டியலிலோ '2.0 அல்லது அதற்கு மேல்' என்று எப்போதோ எழுதியது அப்படியே நிற்கிறது. பராமரிப்பாளரின் கணினியில் 2.9 இருப்பதால் சோதனைகள் எல்லாம் தேறிவிடுகின்றன. ஏற்கெனவே 2.3 வைத்திருக்கும் பயனரிடம், நிறுவல் கருவி பட்டியலை நம்பி எந்த எச்சரிக்கையும் தராமல் நிறுவி முடித்துவிட, அந்தச் செயற்கூற்றை அழைக்கும் இடத்தில் மென்பொருள் நின்றுபோகிறது. அறிவித்த வரம்பின் மிகக் குறைந்த பதிப்புகளோடு ஒரு முறையும், அன்றைய மிகப் புதிய பதிப்புகளோடு ஒரு முறையும் சோதனைகளை ஓட்டியிருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும். பயந்துபோய் எல்லாச் சார்புகளுக்கும் 'இந்தப் பதிப்புக்கு மேல் கூடாது' என்று மேல்வரம்பு கட்டுவதும் தீர்வாகாது. பைத்தானில் இரு நூலகங்கள் ஒரே சார்புக்கு முரண்பட்ட வரம்புகளைக் கேட்டால், அவ்விரண்டையும் ஒரே சூழலில் சேர்த்து நிறுவ வழியில்லை.

சார்புகளின் துல்லியமான பதிப்பு எண்களைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பு இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களுக்கான என்பிஎம் களஞ்சியத்தில் வெளியாகும் நூலகத்தோடு அதன் பேக்கேஜ்-லாக் கோப்பு பயனரைச் சென்றடைவதில்லை. சார்புகளின் பதிப்புகள் பயனரின் திட்டத்துக்கேற்பவே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஆகவே வெளியிடவிருக்கும் பொதியையே, மூலக் கோப்புறையிலிருந்து அல்லாமல், எதுவும் நிறுவப்படாத சூழலில் நிறுவி இயக்கிப் பாருங்கள். மேம்பாட்டுக்கு மட்டும் எனக் குறித்த சார்பை முதன்மை நிரல் சத்தமில்லாமல் பயன்படுத்திக்கொண்டிருப்பதும் அப்போதுதான் வெளிப்படும்.

உங்களைச் சார்ந்திருப்போரையும் கருத்தில் கொள்ளுங்கள். ரஸ்ட் என்னும் நிரல்மொழியின் குழுவினர் கிரேட்டர் என்னும் கருவியைக் கொண்டு, பொதுவெளியில் உள்ள ஆயிரக்கணக்கான நூலகங்களைப் புதிய கம்பைலரில் தொகுத்துப் பார்க்கிறார்கள். சிறு திட்டங்களுக்கு அத்தனை வசதி ஏது? எனினும், உங்களை அதிகம் நம்பியிருக்கும் நாலைந்து திட்டங்களின் சோதனைகளையாவது முன்வெளியீட்டுப் பதிப்போடு ஓட்டிப் பார்க்க இயலும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிழையான பதிப்பு வெளியேறிவிட்டால், தயவுசெய்து அதை அழித்துவிடாதீர்கள். 2016 மார்ச்சில் என்பிஎம்மிலிருந்து லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரல் நீக்கப்பட்டபோது, அதன் பெயரையே கேள்விப்படாத எத்தனையோ திட்டங்களில் மென்பொருளைத் தொகுத்து உருவாக்கும் பணி முறிந்தது. அதன் பின்னரே அங்கு நீக்கத்துக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. பைத்தானுக்கான பைபிஐ, ரஸ்ட்டுக்கான கிரேட்ஸ்.ஐஓ ஆகிய களஞ்சியங்களில் உள்ள யாங்க் வசதி இதற்காகவே இருக்கிறது: புதிதாகத் தேர்வு செய்வோருக்கு அந்தப் பதிப்பு போகாது, ஏற்கெனவே அதைப் பொருத்தி வைத்தவர்களுக்கோ தொடர்ந்து கிடைக்கும். பழைய பதிப்பை யாங்க் செய்த கையோடு, பட்டியலைத் திருத்திய புதிய பதிப்பை அடுத்த எண்ணில் வெளியிட்டு, எந்தச் சார்பில் என்ன தவறு இருந்தது என்பதை மாற்றக் குறிப்பில் ஒரு வரியிலேனும் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வெளியீடுகளைச் சார்ந்து நிரல் எழுதும் ஒருவர்