ஆடிக்கு முன் கூரையைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்துத் தமிழ்க் கோயில்களின் நிர்வாகக் குழுக்களுக்கு,

வணக்கம். நான் டர்பன் நகருக்கு வடக்கே உள்ள டோங்காட்டில் பிறந்து வளர்ந்தவன். முப்பது வருடமாகக் கோயில் சமையல்கட்டிலும் வாசலிலும் கைவேலை செய்பவன். கோயிலில் நாம் செலவழிக்கும் தண்ணீரைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல்.

தென்னாப்பிரிக்காவில் பெய்யும் மழையிலிருந்து ஆறுகளிலும் நிலத்தடியிலும் வருடத்துக்குச் சேரும் நன்னீர் சராசரியாக 4,480 கோடி கன மீட்டர். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் இருந்தவர்கள் 4.48 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சரியாக 1,000 கன மீட்டர். நம் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு வந்து நூறு வருடம் நிறைந்த 1960-இல் இதே பங்கு 2,500-க்கு மேல் இருந்தது. 2022 கணக்கெடுப்பில் நாம் 6.2 கோடி. பங்கு சுமார் 720-க்கு இறங்கிவிட்டது. மாலின் ஃபால்கன்மார்க் என்ற ஸ்வீடன் நாட்டு நீரியல் அறிஞர் வகுத்த அளவுகோலின்படி 1,700-க்குக் கீழே போனால் நெருக்கடி, 1,000-க்குக் கீழே போனால் பற்றாக்குறை. அந்தக் கோட்டைத் தாண்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

இது வீட்டுக் குழாயின் கணக்கு மட்டும் அல்ல. இந்த நாட்டில் எடுக்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் பாசனத்துக்குப் போகிறது. சராசரி என்பதும் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தது என்று பொருளாகாது. 1960-இல் தலைக்கு 2,500 இருந்தபோதும், தோட்டத்து பாரக்ஸில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், வரிசைக்கு ஒரே குழாய்தான் என்று பாட்டி சொல்வார். விடியற்காலை நான்கு மணிக்கே வாளி வைத்து இடம் பிடிப்பார்களாம்.

நம்மில் பலருக்கு இது உறைக்காததற்குக் காரணம் நம் கடலோரம். நாட்டின் சராசரி மழை 460 மில்லிமீட்டர் அளவுதான், உலக சராசரியில் ஏறக்குறைய பாதி. டர்பனில் அதைப்போல் இரண்டு மடங்கு பெய்கிறது. வறட்சி என்றால் உள்நாட்டு வறண்ட வெளியான கரூ பக்கம், இல்லாவிட்டால் கேப் டவுன் என்று நினைத்துவிடுகிறோம். 2018-இல் அங்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்ததைச் செய்தியில் பார்த்தோம், பாவம் என்றோம், அப்புறம் மறந்தோம். ஆனால் மழை பெய்தால் மட்டும் குழாயில் தண்ணீர் வந்துவிடாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் சுத்திகரிப்பு நிலையம் சேதமானது. ஊரெல்லாம் தண்ணீராக இருந்தது, குழாய் மட்டும் பல மாதம் வறண்டு கிடந்தது. அந்த வருடம் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்ச லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தோம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு வயதான அம்மா, தன் ஐந்து லிட்டர் கேனில் பாதியைக் கோயில் அண்டாவில் ஊற்றிவிட்டு மீதியோடு வீட்டுக்கு நடந்தார். அதை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்தது ஒழுகல். நாடு முழுவதும் நகராட்சிகள் குழாயில் விடும் தண்ணீரில் ஏறத்தாழ பாதி, 47 சதவீதம், கட்டணம் கிடைக்காமல் போவதாக 2023-இல் அரசே அறிக்கை வெளியிட்டது. அதில் பெரும்பங்கு உடைந்த குழாய்களில் வழிந்து போவது. அதைச் சரி செய்யும்படி கவுன்சிலர்களிடம் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். நம் மதிலுக்கு உள்ளே ஒழுகுவதை யார் கேட்பது? போன வருடம் ஒரு ராத்திரி, எல்லாக் குழாயையும் மூடியபின் எங்கள் கோயில் மீட்டரை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டேன். விடிந்ததும் மறுபடி பார்த்தால் 600 லிட்டருக்கு மேல் கூடியிருந்தது. ஹாலின் பின்பக்கக் கழிப்பறையில் ஒரு ஃப்ளஷ் தொட்டி சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த ரப்பர் வாஷர் நைந்து போயிருந்தது. மாற்ற அரைமணி நேரம்கூட ஆகவில்லை. எத்தனை மாதம் அப்படி ஓடியதோ!

நான் கேட்பது கூரையைப் பற்றி. கோயிலும் கல்யாண ஹாலுமாக நம்மிடம் இருப்பது போன்ற பெரிய கூரை இந்தப் பேட்டைகளில் பள்ளிக்கூடங்களை விட்டால் வேறு யாரிடம் இருக்கிறது? 200 சதுர மீட்டர் தகரக் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். ஒரே ஒரு நல்ல மழையில் ஒரு பெரிய ஜோஜோ டேங்க், அதாவது பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, நிறைந்துவிடும். இன்று அந்தத் தண்ணீர் கூரை ஓர வாய்க்கால் வழியாகத் தெருவுக்குப் போகிறது.

மாதத்தையும் பாருங்கள். நமக்குக் கோடையில்தான், அதாவது அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான், மழை. தைப்பூசக் காவடி நல்ல மழைக்காலத்தில் வருகிறது. ஆடிக் கரகமும் கஞ்சியும் ஜூலை, ஆகஸ்டில், வருடத்திலேயே வானம் காய்ந்து கிடக்கும் நாட்களில். கூட்டம் அதிகம், பாத்திரம் அதிகம், கால் கழுவும் குழாயும் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. ஆகவே மார்ச் முடிவதற்குள் டேங்க் நிறைந்திருக்க வேண்டும். ஜூனில் வாங்கி வைத்தால் அந்த ஆடிக்கு அது வெறும் பிளாஸ்டிக் பீப்பாய்.

கூரைத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லவில்லை. பறவை எச்சமும் தூசியும் இருக்கும், முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும், மூடிக்குக் கொசுவலை கட்ட வேண்டும். கஞ்சிக்கும் குடிக்கவும் குழாய்த் தண்ணீரே இருக்கட்டும். கால் கழுவ, அண்டா தேய்க்க, தரை கழுவ, கழிப்பறைக்கு, துளசிக்கும் வேம்புக்கும் மழைத் தண்ணீர் போதும். அபிஷேகத்துக்கு எடுக்கலாமா என்பதை உங்கள் குருக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன்.

பணம் இல்லை என்பீர்கள். புது அலங்கார விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் உபயதாரர் கிடைக்கிறார்கள். "தண்ணீர் உபயம்" என்று ஒருமுறை மைக்கில் சொல்லிப் பாருங்கள். அந்த லாரி வரிசையில் நின்றவர்கள் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

வருகிற பொதுக்கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். அதற்கு முன் ஒரு ராத்திரி உங்கள் மீட்டரைக் குறித்து, காலையில் வந்த எண்ணையும் பக்கத்திலேயே எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வாய்க்கால் பொருத்த ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். ஏணியும் டிரில்லும் என்னிடம் இருக்கின்றன.

அன்புடன்,
டோங்காட்டிலிருந்து ஒரு கோயில் தொண்டன்